கைக்குழந்தையை யாரிடம் விட்டு வேலைக்குப் போவது?

விழுப்புரம் சந்திப்பில் அதிகாலை ரயில் பிடித்துச் செங்கல்பட்டு, மறைமலைநகர் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். திண்டிவனத்தில் ஜவுளிக்கடை, மருத்துவமனை, சிப்காட் ஆலை என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். மரக்காணம் உப்பளத்திலும் சுற்றுவட்டாரக் கரும்புத் தோட்டங்களிலும் மல்லாட்டைக் கொல்லைகளிலும் கூலிக்கு நிற்பவர்கள் இன்னும் அதிகம். பிள்ளை பிறந்து சில மாதங்களில் இவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரே கேள்வி எழுகிறது: "புள்ளைய யார் பாத்துப்பாங்க?"

அம்மாவோ மாமியாரோ தெம்பாக இருந்தால் கவலையில்லை. ஆனால் இன்றைய பாட்டிகளில் பலர் தாங்களே வேலைக்குப் போகிறவர்கள். தனிக்குடித்தனம் வந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

சிக்கல் எங்கே?

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு தந்தது; அதன் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது தொடர்கிறது. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு. முறைசாராத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த விடுப்பு கிடையாது. உடம்பு தேறியதும் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

அங்கன்வாடியில் 2 வயது முடிந்த பிள்ளைகளைச் சேர்க்கலாம். கட்டணம் கிடையாது. சூடான மதிய உணவு, முட்டை, விளையாட்டு, பாடம் எல்லாம் உண்டு. 6 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைக்குக் கிடைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுதான். ஆக, தாயின் 26 வார விடுப்பு முடிவதற்கும் அங்கன்வாடிக் கதவு திறப்பதற்கும் இடையே ஒன்றரை ஆண்டு இருக்கிறது. குழந்தை தவழ்ந்து, நடந்து, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் பருவம் அது. பெரியவர் ஒருவரின் கண் அதன்மேலேயே இருக்க வேண்டிய அந்தக் காலத்தில்தான் கைகொடுக்க ஆளில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும். 50 பேரும் பெண்களாக இருக்க வேண்டியதில்லை. ஆண்களையும் சேர்த்தே கணக்கு. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும் உண்டு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதே 50 பேர் வரம்புதான். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தவும், நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்தவும் அது இடம் கொடுக்கிறது. ஒரே சிப்காட் வளாகத்தில் இருக்கும் ஆலைகளுக்கு இது எளிதில் ஆகிற காரியம்.

கடைத்தெருவில் ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே அரசின் கைதான் வேண்டும். மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்தே காப்பகம் நடத்தலாம். 6 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளை நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதத்தில் 26 நாள் பார்த்துக்கொள்வது அதன் ஏற்பாடு. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுகிறீர்களா?

பல குடும்பங்களுக்கு இன்று கைக்கு எட்டும் வழி, தெருவிலேயே பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணிதான். பேசி முடிக்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். அவர் ஏற்கெனவே எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? 3 வயதுக்குக் கீழே என்றால் ஒருவர் 10 குழந்தைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது காப்பகங்களுக்கான அரசு நெறிமுறை. வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு அதில் பாதிகூட அதிகம். ஏணை கட்டியிருக்கும் கயிறு, மூடாத தண்ணீர்த் தொட்டி, எட்டும் உயரத்தில் இருக்கும் அடுப்பு ஆகியவற்றை நேரில் போய்ப் பாருங்கள். அரை வாளித் தண்ணீர்கூடத் தவழும் குழந்தைக்கு ஆபத்து. முதல் சில நாள் ஓரிரு மணி நேரம் மட்டும் விட்டுப் பழக்குங்கள். தடுப்பூசி அட்டையின் நகல், அவசரத்துக்கு அழைக்க இரண்டு தொலைபேசி எண்கள், குழந்தையை அழைத்துப்போக யார் வருவார்கள் என்ற விவரம் எல்லாம் அவரிடம் இருக்கட்டும். வேலை தாமதமாகும் நாளுக்கும் சேர்த்து மாதத் தொகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளை வளர்ப்பு பெரிய உழைப்பு. அதற்கான கூலியைக் குறைத்துக் கொடுத்தால் அது குழந்தையைத்தான் பாதிக்கும்.

மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க நிறுத்துவதும், 14 வயது நிரம்பாத பெண்ணைக் கூலிக்குப் பிள்ளை பார்க்க வைப்பதும் கூடவே கூடாது. இரண்டாவது செயல் சட்டப்படி குற்றம். எந்தக் குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தாலும் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கேட்டால்தான் கிடைக்கும்

காப்பகம் இல்லாததால் வேலையை விட்ட பெண்ணின் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. யாரும் கேட்காததால் தேவையே இல்லை என்று நிர்வாகமும் நினைத்துக்கொள்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறைக்கு மனு கொடுங்கள். கடைகளிலும் வயல்களிலும் உழைப்பவர்கள் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் உங்கள் பகுதி அங்கன்வாடிக்குக் காப்பகம் கேட்டு மனு எழுதுங்கள். விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஆளுக்கொரு காப்பகம் தொடங்கினால்கூட, வேலையை விடலாமா என்று இன்று யோசித்துக்கொண்டிருக்கும் பல தாய்மார்கள் விட மாட்டார்கள்.