பத்து மாதப் பிள்ளைகளும் இரண்டு நாள் பயணமும்

விருந்தினரை உபசரிக்கும் கடமை மூன்று நாட்களுக்கு உரியது, அதற்கு மேற்பட்டது தர்மமாக அமையும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வரையறுத்துத் தந்திருப்பதை நாம் அறிவோம். அப்படியாயின், மூன்று நாளன்று, பத்து மாதம் நம் வீட்டில் தங்க வருகின்ற பிள்ளைக்கு என்ன பெயரிடுவது? விருந்தாளி என்னும் சொல் அதற்குப் போதாது. பெற்றோர் கடல்கடந்து நம் கையில் ஒப்படைக்கும் அமானிதம் என்பதே பொருந்தும்.

இப்படியும் பிள்ளைகள் வருகிறார்களா என்று வியப்பவர்களுக்குச் சிறிது விளக்கம். முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டில் காயமுற்ற வீரர்களை ஊர்திகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களிடமிருந்து பிறந்தது ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு. இரண்டாம் போர் ஓய்ந்தபின், 1947 முதல், அது பள்ளி மாணவர்களை நாடுவிட்டு நாடு அனுப்பும் பணியில் இறங்கியது. இந்தியாவிலும் அது இயங்குகிறது. வருகின்ற மாணவர் ஒரு குடும்பத்தில் பிள்ளையாக வாழ்ந்து, அருகிலுள்ள பள்ளியில் படிப்பார். இடமளிக்கும் குடும்பத்தார் இதனைத் தொண்டாகவே செய்கின்றனர். முஸ்லிம்கள் மிகுந்து வாழும் நாடுகளின் மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைக்கும் 'யெஸ்' என்னும் திட்டத்தை அமெரிக்க அரசு 2002இல் தொடங்கியது. இந்திய மாணவர்களும் அதில் சென்று வந்துள்ளனர்.

மதுரையில் நானறிந்த ஒரு குடும்பம், இத்தகைய ஏற்பாடொன்றின் வழியாக இரண்டு மாணவியரை ஏற்றது. ஒருத்தி இத்தாலியள், கிறிஸ்தவ மதத்தினள். மற்றவள் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் பெண். வீட்டில் இரண்டு பெண்மக்கள். இருவரும் சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர்கள். ஏற்பதற்கு முன் தகப்பனார் என்னிடம் வந்து, அந்நியப் பெண்கள் வீட்டில் இருக்கையில் தாம் பேண வேண்டிய முறைகளைக் கேட்டுச் சென்றார். மாணவியர் தம் பெண்மக்களின் அறையில். தம் படுக்கை முன்கட்டில். தாயார் இல்லாத வேளையில் தாமும் வீட்டில் இருப்பதில்லை. இவற்றையெல்லாம் முதல் நாளே இரண்டு மாணவியரிடமும் மனைவியைக்கொண்டு சொல்லிவிட்டார். ஒளித்து வைத்துப் பிறகு சங்கடப்படுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

கோடை விடுமுறை வந்தது. ஊர் திரும்பும் நாள் நெருங்கியதால் மாணவியரை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டுமென்று பேச்சு எழுந்தது. உறவினர்கள் ஊட்டி என்றார்கள், கொடைக்கானல் என்றார்கள். ஆல்ப்ஸ் மலை நாட்டிலிருந்து வந்தவளுக்கு ஊட்டியைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். தாயாரோ, "என் உம்மா பிறந்த கீழக்கரையைக் காட்டாமல் இப்பிள்ளைகளை அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கீழக்கரை, ராமேசுவரம், தனுஷ்கோடி என இரண்டு நாள் பயணம் முடிவாயிற்று.

பரமக்குடி கடந்து ஒரு வேப்பமரத்தடியில் ளுஹர் தொழ வண்டியை நிறுத்தினார்கள். இவ்வீட்டில் தகப்பனார் ஹனஃபி, தாயார் ஷாஃபிஈ. தகப்பனாரும் பெண்மக்களும் ளுஹரை மட்டும் இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதனர். தாயாரும் ஆச்சே பெண்ணும் ளுஹரையும் அஸரையும் சுருக்கியதோடு சேர்த்தும் தொழுதனர். செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலிருந்த இத்தாலியப் பெண் இதைக் கவனித்துவிட்டாள். "ஒரே வீட்டில் இரண்டு விதமா? யார் செய்தது சரி?" என்று கேட்டாள். "இரண்டும் சரியே" என்றார் தகப்பனார். பயணத்தில் தொழுகையைச் சுருக்க இறைவன் சலுகை அளித்திருப்பதையும், சேர்த்துத் தொழுவதில் இமாம்கள் ஆய்ந்து வேறுபட்டிருப்பதையும் சாலை நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாராம். மத்ஹபுச் சண்டையில் பள்ளிவாசலைப் பூட்டியவர்கள் அந்த வண்டியில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கீழக்கரையில் உறவினர் வீட்டில் பகலுணவுக்குப்பின் தொதல் வைத்தார்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் கக்கும்வரை கிண்டும் அப்பண்டம் அவ்வூருக்குப் பேர்போனது. ஆச்சே பெண் ஒரு துண்டை வாயிலிட்டதும், "இது தோடோல்!" என்று கூவிவிட்டாள். அவள் நாட்டிலும் அதே கூட்டு, ஏறக்குறைய அதே பெயர்! மரக்காயர்களின் கப்பல்கள் கீழைக் கடல்களில் வாணிபம் செய்த காலத்தை வரலாற்று நூல்களில் ஏட்டளவில் படித்த அவ்வீட்டுப் பெண்மக்கள், அதனை அன்று நாவில் அறிந்தார்கள்.

அவ்வீட்டின் எண்பது வயது மூதாட்டி, துணியில் சுற்றிய ஒரு பழைய கிதாபை எடுத்துவந்து காட்டினார். கீழக்கரையின் ஞானச்சுடர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் யாத்த 'பத்ஹுத் தய்யான்' என்னும் ஃபிக்ஹ் நூல் அது. நம் பெண்மக்கள் அரபி எழுத்தைக் கண்டதும், பொருள் விளங்காது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆச்சே பெண்ணோ, "எங்களிடமும் இதுபோல் உண்டு. மலாய் மொழியை அரபி எழுத்தில் எழுதுவோம், ஜாவி என்போம்" என்று சொல்லி, விரலை வைத்துத் தட்டுத்தடுமாறி ஒலிக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. வாசிப்பது என்னவென்று தெரியாது. இரண்டாம் வரியில் மூத்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாசித்தவளுக்குப் புரியாதது, கேட்டவளுக்குப் புரிந்தது. அது அவளுடைய தாய்மொழி. மூதாட்டி சிரித்துக்கொண்டே மீதிப் பக்கத்தை ஓதி முடித்தார்.

மாலையில் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல். கல்தூண்களும் மண்டப அமைப்புமாகத் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணத்தில் எழுந்த இறையில்லம். வள்ளல் சீதக்காதி அடக்கம்பெற்ற வளாகம். பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று வெளியிலிருந்தே பார்த்தார்கள். ஆச்சே பெண் பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என்ன தேடுகிறாய் என்றதற்கு, "பெண்கள் தொழச் செல்லும் வாயில் எது?" என்றாள். இங்கே பெண்கள் வீட்டில் தொழுவார்கள் என்றார் தாயார். "நாங்களும் ஷாஃபிஈதானே? பாண்டா ஆச்சேயின் பைத்துர் ரஹ்மான் பள்ளியில் நானும் என் உம்மாவும் தராவீஹ் தொழுவோமே!" என்று அவள் கேட்டபோது யாரிடமும் விடையில்லை.

இக்கேள்வியைப் பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். பெண்கள் வீட்டில் தொழுவது மேலானது என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுவது மெய். நம் கடற்கரையூர்களில் பெண்களுக்கெனத் தனித் தைக்காக்கள் இருப்பதும் மெய். ஆயினும் அதே மத்ஹபைப் பின்பற்றும் ஒரு நாட்டில் பெண்களுக்குப் பள்ளியில் இடமிருக்கிறது, நம் ஊர்களிற் பலவற்றில் இல்லை என்றால், இடையிலுள்ள வேறுபாடு ஊர்வழக்கமேயன்றி ஷரீஅத் அன்று. வழக்கத்தை வழக்கம் என்று சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்? இதனை ஏற்காத ஆலிம்களும் உளர். அவர்கள் எழுதினால் படிக்க ஆவலாயுள்ளேன்.

மறுநாட் பயணத்தில் பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் விட்டுவிடுகிறேன். ராமேசுவரத்தில் அப்துல் கலாம் அவர்களின் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், தகப்பனார் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் உள்ள ஒரு செய்தியைச் சொன்னார். கலாமின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் தம் வீட்டுக்கு அவரை உணவருந்த அழைத்தார். ஆசாரம் மிகுந்த மனைவியார் முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுத்தார். ஐயர் சினங்கொள்ளவில்லை; தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார்; அடுத்த வாரமும் வரச் சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மையாரே பரிமாறினார். இத்தாலியப் பெண் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தான் வந்த முதல் வாரத்தில் தனக்கென ஒரு தட்டும் குவளையும் தனியே வைக்கப்பட்டிருந்ததைத் தாயாருக்கு மெல்ல நினைவூட்டினாள். அது உபசாரத்துக்காக எடுத்த புதுப் பாத்திரம்! அவளோ பத்து மாதமாக வேறு விதமாக எண்ணியிருந்திருக்கிறாள். தாயார் அவளை அணைத்துக்கொண்டாராம்.

தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் விழுங்கிய கதையை நீங்கள் அறிவீர்கள். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரருகே இத்தாலியப் பெண் நின்றாள். ஆச்சே பெண் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அவளுடைய பாட்டனாரையும் பாட்டியாரையும் கொண்டுசென்றது. அவள் பிறப்பதற்கு முன். அவர்களுக்குக் கப்ரு எங்கென்று தெரியாது. அதே அலைதான் நம் நாகப்பட்டினத்திலும் வந்தது என்று மூத்த பெண் சொன்னாள். இருவரும் மணலில் நின்று ஃபாத்திஹா ஓதினார்கள்.

ஜூன் மாதத்தில் மாணவியர் ஊர் திரும்பினர். ஆச்சே பெண்ணின் பெட்டியில் இரண்டு பொட்டலம் தொதல் சென்றது. கிதாபு மட்டும் மூதாட்டியின் அனுமதியோடு மதுரைக்கு வந்திருக்கிறது. மூத்த பெண் வாரம் இருமுறை தாயாருடன் அதனை எடுத்துக்கொண்டு மதரஸாவுக்கு வருகிறாள். டகரத்துக்கும் ளகரத்துக்கும் உரிய எழுத்துக்களில்தான் இன்னும் தடுக்குகிறாள்.