வெண்கலத்தில் பொறித்த முகங்கள்: கிரேக்க விடுதலையும் உருவப்பதக்கங்களும்

1821இல் ஒட்டோமன் ஆட்சிக்கெதிராகக் கிரேக்க மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்குத் துணைநின்ற பிறநாட்டவரைக் 'கிரேக்க நேயர்' என ஐரோப்பா அழைத்தது. அவர்களுட் சிலரின் நினைவாக வெளிவந்த உருவப்பதக்கங்கள் பெரும்பாலும் கலைப்பொருள்களாகவே நோக்கப்பட்டு வந்துள்ளன. அவை யாருடைய முகங்களைத் தாங்கின, ஏன் தாங்கின என்ற வினாவே நமக்கு இங்கு முதன்மையானது.

பதக்கம் செய்யும் முறையிலேயே விடையின் ஒரு பகுதி உண்டு. உருக்கு அச்சில் உருவத்தைக் குழிவாகச் செதுக்கி, உலோக வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்துவது ஒரு முறை. அச்சுச் செதுக்குதல் நீண்ட உழைப்பை வேண்டுவது. பல பிரதிகள் விற்றாலன்றிச் செலவு மீளாது. எனவே சந்தை அறிந்த முகமே அச்சேறும். பைரனின் முகம் அத்தகையது. 1824 ஏப்ரல் 19இல் மிசோலொங்கியில் அவர் இறந்தது காய்ச்சலாலேயன்றிப் போரிலன்று. அவ்வாண்டுக்குரிய ஸ்ரொதார்ட்டின் பதக்கம் ஒருபுறம் அவரது தலையையும், மறுபுறம் மின்னலாலும் கருகாத லோரல் மரத்தையும் காட்டுகின்றது. அழியாமையைக் கூறும் வாசகம் கிரேக்க எழுத்தில் அமைந்துள்ளது. லோரல் கவிஞர்க்குச் சூட்டப்படும் இலை. ஆகவே இப்பதக்கம் போற்றுவது கவிஞனையே எனலாம். சம்பளம் கேட்டுக் கலகம் செய்த சூலியோட் வீரர்க்கு இதில் இடமேது? அதே ஆண்டில் 8,00,000 பவுண் கிரேக்கக் கடன், நூற்றுக்கு 59 என்ற விலையில் இலண்டனில் விற்கப்பட்டதையும் இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். கிரேக்க நேயம் அந்நாளிற் சந்தைச் சரக்காகவும் இருந்தது.

பிரெஞ்சுச் சிற்பி டாவிட் டாஞ்சேயின் முறை வேறு. அவர் உருவத்தை மெழுகில் வனைந்து, ஒருபக்கப் பதக்கமாக வெண்கலத்தில் வார்ப்பித்தார். இவ்வாறு ஐந்நூறுக்கு மேற்பட்ட முகங்களை ஆக்கிய அவர் உறுதியான குடியரசுவாதி. ஆட்களைப் பெரும்பாலும் தாமே தெரிந்தெடுத்தார். 1826 டிசம்பரில் வெடிமருந்து சுமந்த வீரருடன் முற்றுகைக்குள்ளான அக்ரொபொலிசுக்குள் நுழைந்த பாவியே அவர்களுள் ஒருவர். போராளி மார்க்கோஸ் பொற்சாரிசின் கல்லறைக்கென ஒரு கிரேக்கச் சிறுமியின் சலவைக்கற் சிலையையும் டாஞ்சே கொடையாக அனுப்பினார். 1851இன் ஆட்சிக்கவிழ்ப்பையடுத்து நாடுகடத்தப்பட்டவர், மறு ஆண்டு கிரேக்கம் சென்றபோது அச்சிலை பழுதுற்றிருக்கக் கண்டார்.

எனினும், அவர் தெரிந்தெடுத்தோரும் புகழ்பெற்றோரே. 1822 ஜூலையில் பேற்றாப் போரிற் கிரேக்க நேயர் படைப்பிரிவு ஏறத்தாழ அழிந்தது. ஜெர்மானியர், இத்தாலியர், போலந்தினர், பிரெஞ்சுக்காரர் எனப் பலர் மாண்டனர். இவர்களுட் பெரும்பாலோருக்கு உருவப்பதக்கம் இல்லை. இக்காலப் பதக்கங்களை ஆராய்வோர் அவற்றுடன் நவ்பிலியோ நகரின் கத்தோலிக்க ஆலயத்திலுள்ள சான்றொன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தூரே என்னும் பிரெஞ்சு அதிகாரி 1841இல் அங்கு ஒரு மரவளைவை நிறுவி, உயிர்நீத்த கிரேக்க நேயரின் பெயர்களை, தாம் திரட்ட இயன்றவரை, அதில் நிரல்பட எழுதுவித்தார்.