சோகையின் காரணத்தை இரத்தமே சொல்லும்

விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, வீட்டு வேலைகளையும் கவனிக்கும் நம் ஜொகூர்த் தோட்டப் பெண்களுள் சிலர் ஓயாத அசதியும் மூச்சு வாங்குதலும் உறுவதுண்டு. உழைப்பின் களைப்பென்று அதனை ஒதுக்கிவிடலாகாது. அது இரத்தச் சோகையாகவும் இருக்கலாம்.

சோகை என்றதும் இரும்புச் சத்துக் குறைவே நம் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் காரணம் அதுவே. எனினும், ஃபோலேட் என்னும் சத்துக் குறைந்தாலும் சோகை உண்டாகும். இவ்வுண்மை இந்தியத் தாய்மார் வாயிலாகவே வெளிப்பட்டது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1928ஆம் ஆண்டு முதல் பம்பாயிலும், பின்னர் குன்னூரிலும் சென்னையிலும் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றினால் அது குணமாவதை 1931இல் வெளியிட்டார். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலமே அவ்வகைச் சோகைக்கு மருந்தாயிற்று.

காரணத்தை எவ்வாறு அறிவது? கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்துச் சோதிப்பர். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்குச் சோகை உள்ளதெனக் கொள்வர். பொதுவாக, இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுக்கும். ஃபோலேட் குறைந்தால் பருக்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் அவை பருக்கும். ஆகவே, மருத்துவர் இவ்விரு சத்துகளின் அளவையும் சோதிக்கச் சொல்லலாம். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொண்டால், சோகை நீங்கியதுபோல் தோன்றும். நரம்புக் கேடோ உள்ளே வளரும். மரக்கறி மட்டுமே உண்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஃபோலேட் குறைவு பிறவாத குழந்தையையும் தாக்கும். சிசுவின் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாம் கர்ப்பமுற்றதைப் பலர் அப்போது அறிந்திருக்கவும் மாட்டார்கள். எனவே, குழந்தை பெற எண்ணும் பெண்கள், சோகை இல்லாவிடினும், கருத்தரிக்குமுன் தொடங்கி முதல் 12 வாரங்கள் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்னர் நரம்புக் குழாய்க் குறையுடைய குழந்தை பெற்றவருக்கு மருத்துவர் கூடுதலாகத் தருவார்.

கீரை, பயறு, கச்சான் ஆகியவற்றில் ஃபோலேட் உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டினால் சத்தும் போய்விடும். மிகுந்த மதுப்பழக்கமும் இச்சத்தைக் குறைக்கும்.

அசதி நீடித்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுவோம். கொடுத்த மாத்திரைகளை நாமாக நிறுத்தாது, இரத்தச் சோதனைக்குத் தயங்காது முன்வருவோம். தாயின் நலமே குடும்பத்தின் நலம்.