அடுத்த கேள்வி பதிலுக்குள் இருக்கிறது

'பேட்டி' என்றால் என்ன என்று நம் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மைக்கை நீட்டுவது, சட்டென்று ஒரு கேள்வி, சட்டென்று ஒரு பதில் என்பார்கள். அவர்கள் பார்த்து வளர்வது ஒரு நிமிடக் காணொலிகளையும், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் தொலைக்காட்சி விவாதங்களையும்தான். ஒரே மனிதரிடம் பல மணி நேரம், சில வேளைகளில் பல நாட்கள், அமர்ந்து பேசி எடுக்கப்படும் நீண்ட நேர்காணல் அவர்களுக்கு அறிமுகமே இல்லை. சமகால அரசியல், கலை, சமூகம் ஆகியவற்றைப் பற்றி நாம் இன்று அறிந்திருக்கும் பல செய்திகள் அத்தகைய நேர்காணல்கள் வழியாக வந்தவையே.

நான் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தோடு சேர்த்து, சில ஆண்டுகளாக நீண்ட நேர்காணலை ஒரு செயல்பாடாக நடத்தி வருகிறேன். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களும் இதில் ஒருசேரப் பயிற்சி பெறுகின்றன. அவற்றில் நாம் மிகக் குறைவாகக் கற்பிக்கும் கேட்டல் திறனே இதில் முதலிடம் பெறுகிறது.

வினாப்பட்டியலும் நேர்காணலும்

நேர்காணலுக்கு வினாக்கள் தயாரிக்கச் சொன்னால் மாணவர்கள் பத்து வினாக்களை வரிசையாக எழுதிவிடுவார்கள். தங்கள் பெயர் என்ன, எத்தனை ஆண்டுகளாக இத்தொழில் செய்கிறீர்கள், இதில் உள்ள சிரமங்கள் யாவை என்று பட்டியல் போகும். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் இரண்டாம் வினாவுக்குப் பிறகு மூன்றாம் வினாதான் வரும். பதிலைக் கேட்கவில்லை என்றாலும் அடுத்த வினாவைக் கேட்டுவிடலாம். நல்ல நேர்காணலில் அது முடியாது. அங்கே அடுத்த கேள்வி, சற்று முன் வந்த பதிலுக்குள் இருக்கிறது. காது கொடுத்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

தயாரிப்பு: ஃபிராஸ்ட் – நிக்சன், 1977

அப்படியானால் தயாரிப்பு தேவையில்லையா என்ற ஐயம் எழலாம். இதற்கு விடையாக நான் வகுப்பில் சொல்வது ஃபிராஸ்ட் – நிக்சன் நேர்காணலின் கதை.

1972 ஜூன் மாதம் வாஷிங்டனில் வாட்டர்கேட் என்ற கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் சிலர் புகுந்து பிடிபட்டனர். அந்த விவகாரத்தை மூடி மறைக்க முயன்றது வெளிப்பட்டதால், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். அடுத்து வந்த ஜெரால்டு ஃபோர்டு மறு மாதமே அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அதனால் நிக்சன் நீதிமன்றக் கூண்டில் ஏறவே இல்லை. நீதிமன்றம் கேட்க முடியாமல் போன கேள்விகளை, 1977இல் டேவிட் ஃபிராஸ்ட் என்ற பிரிட்டன் தொலைக்காட்சியாளர் கேட்டார். பன்னிரண்டு அமர்வுகளில் 28 மணி நேரத்துக்கும் மேலாக உரையாடல் பதிவானது.

அதற்கு முன் ஃபிராஸ்டின் குழுவினர் பல மாதங்கள் ஆவணங்களைப் படித்தனர். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ரெஸ்டன், நிக்சன் தன் உதவியாளர் ஒருவருடன் பேசிய, அதுவரை வெளியே வராத உரையாடலின் எழுத்துப்படியைத் தேடி எடுத்தார். ஃபிராஸ்ட் அதிலிருந்து வாசித்தபோது நிக்சன் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. தயாரிப்பின் பயன் அது.

ஆனால் உச்சக்கட்டம் பிறகுதான் வந்தது. தான் செய்தவை 'தவறுகள்' என்று நிக்சன் சொல்ல, அந்தச் சொல் போதாது என்றார் ஃபிராஸ்ட். வேறு எந்தச் சொல்லை எதிர்பார்க்கிறீர்கள் என்று நிக்சன் திருப்பிக் கேட்டார். இது பட்டியலில் இல்லாத திருப்பம். கையிலிருந்த குறிப்பட்டையைக் கீழே போட்டுவிட்டு, மக்கள் கேட்க விரும்பும் மூன்று செய்திகளை ஃபிராஸ்ட் எடுத்துச் சொன்னார்: நடந்தவை வெறும் தவறுகள் அல்ல என்பது, அதிகாரம் தவறாகப் பயன்பட்டது என்பது, நாட்டை வீணாக வதைத்ததற்கு வருத்தம் என்பது. அதன் பிறகே, நாட்டு மக்களைக் கைவிட்டுவிட்டதாக நிக்சன் ஒப்புக்கொண்டார்.

மாதக்கணக்கில் தயாரித்ததால்தான் ஃபிராஸ்டால் குறிப்பைக் கீழே போட முடிந்தது. பாடக்குறிப்பு எழுதி வகுப்புக்குப் போகும் நமக்கு இது புரியாததல்ல.

பொறுமை: சிகாகோவின் டெர்கல்

பெரிய தலைவர்களிடம் மட்டும்தான் நேர்காணல் எடுக்க வேண்டுமா? இல்லை என்று காட்டியவர் அமெரிக்காவின் ஸ்டட்ஸ் டெர்கல் (1912–2008). சிகாகோ வானொலியில் 45 ஆண்டுகள் நேர்காணல் நிகழ்ச்சி நடத்திய அவர், ஒலிப்பதிவுக் கருவியுடன் எளிய மனிதர்களைத் தேடிப் போனார். 1974இல் வெளிவந்த அவரது 'வொர்க்கிங்' நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட உழைப்பாளிகள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள்.

டெர்கல் அடிக்கடி சொன்ன நிகழ்வு ஒன்று உண்டு. அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த ஏழைத் தாயிடம் அவர் பேசிப் பதிவு செய்தார். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடிக்க, பதிவை ஓடவிட்டார். தன் குரலை முதன்முறையாகக் கேட்ட அந்தப் பெண் வாயில் கைவைத்துக்கொண்டார். தன் மனத்தில் இப்படியெல்லாம் இருந்தது தனக்கே தெரியாது என்றார். பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்தால், பேசுபவருக்கே தன்னைப் பற்றிப் புதிதாகத் தெரியவரும்.

தமிழில்

நாடக ஆசிரியர் கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995இல் தாம் மறையும் வரை 'சுபமங்களா' இதழின் ஆசிரியராக இருந்தார். எழுத்தாளர்கள், கலைஞர்கள், அரசியலாளர்கள் ஆகியோருடன் அவ்விதழ் வெளியிட்ட விரிவான நேர்காணல்கள் பின்னர் நூலாகவும் வந்தன. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அவற்றில் ஒன்றை நூலக வேளையில் வாசிக்கக் கொடுக்கலாம். எந்தக் கேள்வி முன்பே தயாரிக்கப்பட்டது, எது பதிலிலிருந்து பிறந்தது என்று பென்சிலால் குறிக்கச் சொன்னால் போதும். நேர்காணலின் இலக்கணம் பிடிபட்டுவிடும்.

வகுப்பறையில்

என் வகுப்பில் மூவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறேன். ஒருவர் கேட்பார். ஒருவர் எழுதுவார். மூன்றாமவர், தொடர்ந்து கேட்டிருக்க வேண்டிய இடங்களை மட்டும் குறித்துக்கொள்வார். தாளில் மூன்று கேள்விகளுக்கு மேல் எழுதிச் செல்லக் கூடாது. மற்றவை பதிலிலிருந்து வர வேண்டும். இந்த விதி என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு மாணவி தன் தெருவில் பீடி சுற்றும் பெரியம்மா ஒருவரிடம் பேசினாள். எப்போது இந்த வேலைக்கு வந்தீர்கள் என்பது முதல் கேள்வி. "அஞ்சாப்பு முடிச்ச கையோட" என்றார் அவர். பழைய முறையாக இருந்தால், அடுத்து 'ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவீர்கள்?' என்று வந்திருக்கும். இவள் கேட்டாள்: "ஏன் பெரியம்மா அஞ்சாப்போட நிறுத்திட்டீங்க?"

"நான் எங்கட்டி நிறுத்துனேன்? ஆறாப்பு பக்கத்து ஊர்லல்லா இருந்துச்சு. வீட்ல ஒரே ஒரு சைக்கிளு. அத அண்ணன் கொண்டுட்டுப் போயிட்டான்."

"நீங்க அந்த சைக்கிள ஓட்டியிருக்கீங்களா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லையாம். மாணவியும் பேசவில்லை. பிறகு, அண்ணன் தூங்கும் மதிய வேளையில் கோயில் மைதானத்தில் ஓட்டிப் பழகியதைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். பெண்கல்வி, பள்ளியின் தொலைவு, வீட்டுக்குள் இருக்கும் பாகுபாடு எல்லாம் அந்த ஒரு சைக்கிளுக்குள் இருந்தன. அரசு மிதிவண்டி ஏன் கொடுக்கிறது என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று நொடி

அந்த மாணவி பேசாமல் காத்திருந்தாளே, அதுவும் பயிற்சியால் வருவதுதான். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாத நிலை குறைந்தது. மாணவர்கள் தாங்களே கேட்கும் கேள்விகளும் கூடின. நேர்காணல் செய்பவரின் மௌனமும் நம் வகுப்பறை மௌனமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கவனத்தில் கொள்ள

பதிவு செய்யும் முன் அனுமதி கேட்க வேண்டும். 'இதை எழுதாதே' என்று சொன்னதை எழுதக் கூடாது. சுவரிதழில் உண்மைப் பெயர் வேண்டாம். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டு வருவது நல்ல பழக்கம். கட்சி அரசியலை நான் தவிர்த்துவிடுகிறேன். குடிநீர், பேருந்து, நியாயவிலைக் கடை, பள்ளி என்று பொதுவாழ்வைப் பேசவே ஒரு பருவம் போதாது.

தொடக்க வகுப்புகளுக்கு இதைச் சுருக்கிக்கொள்ளலாம். பள்ளிச் சத்துணவு சமையலரை வகுப்புக்கு அழையுங்கள். குழந்தைகள் ஒரே ஒரு கேள்வியுடன் தொடங்கட்டும். அதன்பின் ஒவ்வொரு குழந்தையும், அவர் கடைசியாகச் சொன்னதில் உள்ள ஒரு சொல்லை வைத்தே கேட்க வேண்டும். "காலையில் அரிசி களைவேன்" என்றால், "எவ்வளவு அரிசி?" என்று ஒரு கை உயரும். "இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டுத்தான் போடுவேன்" என்பார் அவர். "யார்கிட்ட கேப்பீங்க?" என்று அடுத்த கை உயரும். கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பு அது.