நிறுத்தத் தெரிந்த ஜன்னல்

கார்க் கண்ணாடியை எந்திரத்தால் ஏற்றி இறக்கும் வித்தை புதிதல்ல. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940-லேயே தன் சொகுசு கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜன்னல்களைக் கொண்டுவந்துவிட்டது. பிறகு கதவுக்குள்ளேயே அடங்கும் சிறு மின்மோட்டார் அந்த இடத்தைப் பிடித்தது. இன்று நம் ஊர் சின்னக் கார்களிலும் 'பவர் விண்டோ' சாதாரணம். ஆனால், ஏறுகிற கண்ணாடிக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே ஒரு குழந்தையின் விரல் இருந்தால் அதை உணர்ந்து நிற்கும் திறமை இன்னும் எல்லா ஜன்னல்களுக்கும் வந்து சேரவில்லை. குறிப்பாக, குழந்தைகள் உட்காரும் பின் ஜன்னல்களுக்குப் பல கார்களில் வரவில்லை.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

மெக்கானிக்குகள் 'டோர் பேட்' என்று சொல்லும் உள்பக்க அட்டையைக் கழற்றினால் 'விண்டோ மெஷின்' தெரியும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் கேபிள் வகைதான். செங்குத்தாக ஒரு தண்டவாளம், அதன் இரு முனைகளிலும் கப்பிகள், அவற்றைச் சுற்றி ஓடும் மெல்லிய எஃகுக் கேபிள். கண்ணாடியின் அடி விளிம்பைக் கவ்விய ஒரு துண்டு, கேபிளோடு சேர்ந்து தண்டவாளத்தில் நகரும். மோட்டார் ஓர் உருளையைச் சுழற்றும்போது கேபிளின் ஒரு பக்கம் அதில் சுற்றிக்கொள்ள, மறுபக்கம் அவிழ்ந்து கொடுக்கும். இரட்டை வாளி கட்டிய கிணற்று ராட்டினத்தின் வேலை இது.

மோட்டார் உள்ளங்கையில் அடங்கிவிடும். 12 வோல்ட் மின்சாரத்தில் வேகமாகச் சுழலும், ஆனால் நேரடியாகக் கண்ணாடியைத் தூக்கும் வலு அதற்குக் கிடையாது. நடுவே வரும் 'வார்ம் கியர்' அந்த வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குகிறது. திருகு மரை போன்ற ஒரு தண்டு, பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். தண்டு சக்கரத்தைத் திருப்பலாம், சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. அதனால்தான் மோட்டார் நின்ற பிறகும் கண்ணாடி தானாக நழுவி இறங்குவதில்லை. வெளியிலிருந்து எவரேனும் கையால் அழுத்தி இறக்கப் பார்த்தாலும் அது அசையாது.

திருடனுக்கு எதிரான இந்தக் காவலே விபத்தில் எதிரியாகிறது. கை சிக்கிய பிறகு மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. கண்ணாடி நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். சிக்கியவர் எவ்வளவு முட்டித் தள்ளினாலும் இறங்காது. மோட்டாரே திசை மாறிச் சுழன்றால்தான் விடுதலை. ஆகவே, பாதுகாப்பான ஜன்னல் என்றால் நிற்கவும் வேண்டும், பின்வாங்கவும் வேண்டும். 'ஆன்டி பின்ச்' என்று கார் விளம்பரங்களில் வருவது இந்த ஏற்பாடுதான்.

கண்ணாடி எப்படி உணர்கிறது?

கண்ணாடியின் விளிம்பில் உணர்வுக் கருவி எதுவும் பொதுவாக இருப்பதில்லை. எல்லாம் மோட்டாருக்குள் நடக்கிறது. மோட்டாரின் அச்சில் ஒரு காந்த வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் 'ஹால் சென்சார்' என்னும் சிறு சில்லு. காந்தத்தின் வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறிக் கடக்கும்போது சில்லு ஒவ்வொரு துடிப்பாக அனுப்பும். துடிப்புகளை எண்ணினால் கண்ணாடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள நேரத்தைப் பார்த்தால் வேகம் தெரியும். விரலோ கையோ குறுக்கே வந்தால் மோட்டார் திணறும், துடிப்புகளின் இடைவெளி நீளும். கட்டுப்பாட்டுச் சுற்று அதைக் கண்டதும் மின்சாரத்தின் திசையை மாற்றிவிடும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் மோட்டார் திணற வேறு காரணங்களும் உண்டு. ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் வெயிலில் காய்ந்து இறுகிய பீடிங் ரப்பர், அதில் படிந்த தூசி, சார்ஜ் குறைந்த பேட்டரி, மேடுபள்ளமான சாலை என்று எதுவும் கண்ணாடியின் வேகத்தைக் குறைக்கலாம். இவற்றையெல்லாம் விரல் என்று நினைத்தால் ஜன்னல் ஒருபோதும் மூடாது. விரலை ரப்பர் என்று நினைத்தால் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடுவதுதான் பொறியாளரின் கடினமான வேலை.

ஐ.நா.வின் வாகன விதி எண் 21 இதற்கு அளவு வகுத்திருக்கிறது. 4 மில்லிமீட்டர் முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியில் எது சிக்கினாலும், அதன் மேல் விழும் விசை 100 நியூட்டனைத் தாண்டுவதற்குள் கண்ணாடி பின்வாங்க வேண்டும். 100 நியூட்டன் என்பது ஏறத்தாழ 10 கிலோ எடையின் அழுத்தம். கடைசி 4 மில்லிமீட்டருக்கு மட்டும் விலக்கு. கண்ணாடி பீடிங்குக்குள் நுழைந்து இறுக வேண்டிய இடம் அது. அங்கேயும் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கினால் மழைநீர் உள்ளே வந்துவிடும்.

விதியில் ஓர் ஓட்டை

இந்தப் பாதுகாப்பு எப்போது கட்டாயம்? முக்கியமாக, பட்டனை ஒருமுறை தொட்டுவிட்டால் தானாக முழுவதும் ஏறும் ஜன்னலுக்குத்தான். பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஏறும் என்ற ஜன்னலுக்குக் கட்டாயமில்லை. பிடித்திருப்பவர் பார்த்துக்கொள்வார் என்பது விதியின் நம்பிக்கை. ஓட்டுநர் ஜன்னலுக்கு மட்டும் 'ஒன் டச்' கொடுத்து, அதற்கு மட்டும் ஆன்டி பின்ச் பொருத்தி, மற்ற மூன்றையும் வெறுமனே விட்டுவிடும் கார்கள் இப்படித்தான் உருவாகின்றன.

அந்த நம்பிக்கை பொய்த்த கதை அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. கதவில் கை ஊன்றும் திண்டின் மேல் இருந்த பழைய பாணி சுவிட்சுகள் அழுத்தினால் ஜன்னலை மூடும். தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கும் குழந்தையின் முழங்கால் சுவிட்சில் ஊன்றிவிட, கண்ணாடி கழுத்தை நெரித்து உயிர்கள் போயின. பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது அந்தக் குழந்தையேதான். தற்செயலாக அழுந்தாத சுவிட்ச் வேண்டும் என்று 2004-இல் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விதி செய்தது. மேலே இழுத்தால்தான் மூட வேண்டும் என்பதை 2005-இல் நாடாளுமன்றம் சட்டத்திலேயே சேர்த்தது. பட்டனின் நுனியை விரலால் தூக்கி ஜன்னலை மூடும் முறை அங்கே கட்டாயமானதற்குப் பின்னால் அந்தக் குழந்தைகளின் மரணம் இருக்கிறது. எல்லா ஜன்னல்களுக்கும் ஆன்டி பின்ச்சைக் கட்டாயமாக்கும் யோசனையை மட்டும் அதே அமைப்பு 2011-இல் கைவிட்டது.

கார் ஜன்னலைப் போலவே, தானாக மூடும் மற்ற கதவுகளுக்கும் இதே சோதனை உண்டு. லிஃப்ட் கதவின் விளிம்பில் அகச்சிவப்புக் கதிர்கள் திரைபோல ஓடுவதால் அது தொடும் முன்பே ஆளைப் 'பார்த்து' விலகுகிறது. ரயில் கதவோ பெரும்பாலும் தொட்ட பிறகே உணர்கிறது. இரண்டு கதவுகளின் ரப்பர் விளிம்புகளுக்கு இடையே மெலிதான ஒன்று சிக்கினால் மூடியாகிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். 2019 ஜூலையில் கொல்கத்தா மெட்ரோவின் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் கதவில் கை சிக்கிய நிலையில் ரயில் கிளம்ப, ஒரு பயணி உயிரிழந்தார்.

நாம் செய்யக்கூடியது

உங்கள் காரில் எந்தெந்த ஜன்னலுக்கு இந்த வசதி இருக்கிறது என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பாருங்கள். கையை வைத்துச் சோதிக்கவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் கண்ணாடி தன் இடத்தை மறந்துவிடும், ஆன்டி பின்ச்சும் வேலை செய்யாது. கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, சில விநாடி பட்டனைப் பிடித்திருந்தால் பெரும்பாலும் நினைவு திரும்பும். பின்னால் குழந்தைகள் இருந்தால் ஓட்டுநர் கதவிலுள்ள ஜன்னல் பூட்டு பட்டனை அழுத்தி வையுங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நாலு ஜன்னலுக்கும் ஆன்டி பின்ச் உண்டா?" தேவையான சென்சாரும் மென்பொருளும் பல கார்களில் ஓட்டுநர் கதவில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பின் கதவுகளுக்கும் கொடுப்பது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை, விலைக் கணக்கு மட்டுமே. வாங்குபவர்கள் விடாமல் கேட்டால் அந்தக் கணக்கு மாறும்.