ஊசியா, பம்பா? டைப் 1 குடும்பங்களின் கணக்கு

டைப் 1 நீரிழிவு என்பது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடும் நோய். பெரும்பாலும் பள்ளி வயதிலோ இளமையிலோ வருகிறது. இனிப்பு தின்றதால் வந்தது அல்ல. வளர்ப்பில் நேர்ந்த குறையும் அல்ல. உறவுக்காரர்கள் வாயில் இந்த இரண்டு காரணங்களும்தான் முதலில் வரும் என்பதால் இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு இதில் காலம் தள்ள முடியாது. இன்சுலின் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். தினமும், ஆயுள் முழுக்க. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் கண்ட குழந்தை சில ஆண்டுகள் பிழைத்திருப்பதே அரிது.

நூறு ஆண்டுகளில் கேள்வி மாறிவிட்டது. இன்று தென்காசியில் ஒரு குடும்பத்துக்கு முன் நிற்கும் கேள்வி, அந்த இன்சுலினை எதன் வழியாகச் செலுத்துவது என்பது. ஊசியா, பம்பா?

நல்ல நிலையில் இருக்கும் கணையம் இரண்டு வேலை பார்க்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், தூங்கும்போதும், இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு உள்ளே போனதும் சட்டென்று கூடுதலாகச் சுரக்கிறது. கோடையில் குற்றாலப் பாறையில் கசியும் நீர் முதல் வகை. ஆனி, ஆடியில் கொட்டும் அருவி இரண்டாவது வகை. மருத்துவர்கள் முதலாவதை பேசல் என்றும் இரண்டாவதை போலஸ் என்றும் சொல்கிறார்கள். எந்தக் கருவியானாலும் இந்த இரண்டையும் எவ்வளவு நெருக்கமாகப் போலச்செய்கிறது என்பதே அதன் தரம்.

பழைய முறையில், இரண்டு வகை இன்சுலினை 30க்கு 70 என்று முன்னதாகவே கலந்த குப்பியிலிருந்து காலையும் இரவும் போடுவார்கள். இதில் இன்சுலினுக்குத் தகுந்தபடி மனிதன் சாப்பிட வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் சுகர் இறங்கிவிடும். டைப் 1 நோயாளிக்கு இது ஏற்ற முறை அல்ல. வேறு வழி இல்லாதபோது ஓட்டிக்கொண்டிருந்த முறை என்பதே நியாயமான தீர்ப்பு. இன்றைய ஊசி முறையில் நாளுக்கு ஒருமுறை நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் விரைவாக வேலை செய்யும் இன்சுலினும் போடப்படுகின்றன. குறைந்தது நான்கு ஊசி. பேனாவின் முனையில் மாட்டும் ஊசி 4 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் வலி பெரிதில்லை. ஆனால் நாளுக்கு நான்கு என்றால் ஆண்டுக்கு 1,460. ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகத் திரண்டு, அங்கே போகும் இன்சுலின் ஒழுங்காக இரத்தத்தில் சேராது. இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

பம்ப் என்பது சிறிய செல்போன் அளவுள்ள கருவி. இடுப்பில் செருகிக்கொள்ளலாம். உள்ளே இன்சுலின் நிரப்பிய சிறு கலம். அதிலிருந்து மெல்லிய குழாய். குழாயின் நுனியில், வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் கிடக்கும் கேனுலா என்ற நுண்குழல். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ஆர்னால்டு கேடிஷ் செய்து பார்த்த முன்மாதிரி முதுகில் சுமக்கும் மூட்டை அளவு இருந்தது. இப்போதைய பம்ப் இரவு இரண்டு மணிக்கு ஒரு வேகத்திலும் விடியற்காலை ஐந்து மணிக்கு வேறு வேகத்திலும் இன்சுலினை விடும். விடியற்காலையில் கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுவதால் சிலருக்கு எழுந்திருக்கும்போதே சுகர் ஏறியிருக்கும். அவர்களுக்கு இது பெரிய வசதி. பேனாவில் ஒரு யூனிட், சில பேனாக்களில் அரை யூனிட், அதற்குக் கீழே போக முடியாது. பம்ப் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூட அளந்து விடும். நாள் முழுவதற்கும் ஐந்தாறு யூனிட் மட்டுமே தேவைப்படும் கைக்குழந்தைக்கு இந்த நுணுக்கம் உயிரைக் காக்கும்.

இன்னொரு வசதியைப் புரிந்துகொள்ள செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டர் வரை போனால் போதும். அங்கே புரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் கோழியும் தின்னாமல் குற்றாலச் சீசன் முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 50 கிராம் மைதாவில் ஏறத்தாழ 37 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மாவு மட்டும் என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுகர் ஏறி இறங்கிவிடும். கூடவே போகும் எண்ணெயும் இறைச்சியும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், இந்தச் சாப்பாட்டில் சுகர் நான்கைந்து மணி நேரம் கழித்து, ஆள் தூங்கும்போது ஏறும். சாப்பிடுமுன் போட்ட ஊசி அதற்குள் தீர்ந்திருக்கும்; சில சமயம் முதல் ஒரு மணி நேரத்தில் சுகரை இறக்கியும் விட்டிருக்கும். பம்பில் பாதி அளவை உடனேயும் மீதியை மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பரப்பியும் விடலாம். பேனா வைத்திருப்பவர் இரண்டு தவணையாக ஊசி போட்டு இதைச் சமாளிக்கலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு எழுந்து இரண்டாம் ஊசி போடுகிறவர்கள் குறைவு.

பம்பின் பெரிய ஆபத்து அதன் சிறப்பிலிருந்தே பிறக்கிறது. அதற்குள் இருப்பது விரைவு இன்சுலின் மட்டும். உடம்பில் நீண்ட நேர இன்சுலின் சேமிப்பு எதுவும் கிடையாது. குழாய் மடங்கினாலும், கேனுலா கழன்றாலும், காற்றுக் குமிழி அடைத்தாலும் நான்கைந்து மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரத் தொடங்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று போய், கவனிக்காவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் முடியும். நேற்றிரவு நீண்ட நேர ஊசி போட்டவருக்கு இன்று ஒரு வேளை தவறினாலும் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். பம்ப் போட்டவருக்கு அது இல்லை.

ஆய்வுகள் சொல்வதும் பம்பின் சிறப்புக்கும் ஆபத்துக்கும் நடுவில்தான் நிற்கிறது. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வு, சுகரை இறுக்கிப் பிடித்தால் விழித்திரைப் பாதிப்பு உருவாகும் அபாயம் 76 விழுக்காடு குறையும் என்று காட்டியது. அந்த இறுக்கமான பிரிவில் இருந்தவர்கள் நாளுக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசி போட்டார்கள், அல்லது பம்ப் வைத்திருந்தார்கள். பலன் வந்தது கட்டுப்பாட்டால். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு: மோசமான லோ சுகர் மூன்று மடங்கு ஆனது. 2017இல் வெளியான பிரிட்டனின் ரிபோஸ் ஆய்வு இன்னும் கூர்மையானது. இரு பிரிவினருக்கும் மாவுச்சத்தை எண்ணி இன்சுலினைக் கணக்கிடும் பயிற்சியை ஒரே மாதிரி கொடுத்துவிட்டு, ஒரு பிரிவுக்குப் பேனாவும் மறு பிரிவுக்குப் பம்பும் தந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் முன்னேற்றம். இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. புதிதாக நோய் கண்ட குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்விலும் முதல் ஆண்டில் பம்ப் முந்தவில்லை. பம்பின் பெயரில் சொல்லப்படும் வெற்றியில் பெரும்பங்கு, பம்ப் வாங்கும்போது கூடவே கிடைக்கும் பயிற்சிக்குச் சேர வேண்டியது.

இந்தக் கணக்கை மாற்றியது சென்சார். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இரவும் பகலும் சுகரைப் பார்த்துச் சொல்லும். பத்து, பதினான்கு நாளுக்கு ஒருமுறை புதிது ஒட்ட வேண்டும். அது பம்புடன் பேசி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இன்சுலினைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவிகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. சாப்பாட்டுக்கான அளவை மட்டும் மனிதன் சொன்னால் போதும். தூக்கத்தில் சுகர் இறங்குவது இதில் கண்கூடாகக் குறைகிறது. 2023 டிசம்பரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்த வகைக் கருவியை டைப் 1 நோயாளிகள் பலருக்கும் பரிந்துரைத்தது. சென்சார் இல்லாத வெறும் பம்பையும் இதையும் ஒரே பெயரில் ஒப்பிட்டுப் பேசுவது தவறு.

ஆனால் பிரிட்டனில் அரசு வாங்கித் தருகிறது. இங்கே பம்பின் விலை லட்சங்களில். உத்தரவாதக் காலம் பொதுவாக நான்கு ஆண்டு. குழாயையும் கேனுலாவையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் ஆண்டுக்கு 120க்கு மேல் தேவை, சென்சார் தனி. வாங்கும் நாளில் கொடுக்கும் தொகையைவிட மாதாமாதம் வரும் செலவுதான் குடும்பத்தை உட்கார வைக்கும். பீடி சுற்றியும் மரக்கடையில் கூலி வேலை பார்த்தும் பிழைக்கும் வீடுகள் நிறைந்த மாவட்டம் இது. யாரோ தானமாகக் கொடுத்த பம்ப், குழாய் வாங்கப் பணமில்லாமல் ஆறாம் மாதம் அலமாரிக்குப் போவதற்கே வாய்ப்பு அதிகம். தமிழக அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். பெரும்பாலும் குப்பியில் வரும் மனித இன்சுலின். புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்குள் நுழைந்தால் கேரளம். அங்கே டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் பேனாவும் சென்சாரும், தேவைப்படும் சிலருக்குப் பம்பும் அரசு செலவிலேயே தரும் திட்டம் இருக்கிறது. அதற்கு மிட்டாயி என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. மலைக்கு இந்தப் பக்கமும் அப்படி ஒரு திட்டம் கேட்கத் தகுந்ததே.

குப்பி என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவுக்கும் பம்புக்கும் உரியது 100 யூனிட். பம்பில் 40 யூனிட் இன்சுலினை நிரப்பிவிட்டால் தேவையில் ஐந்தில் இரண்டு பங்குதான் உடம்புக்குப் போகும். மறுபக்கம், பேனா இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்து 10 கோடு போட்டால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டாவது தவறு ஆளையே வீழ்த்திவிடும். மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் எடுத்து நீட்டுவதை லேபிள் பார்க்காமல் வாங்கவே கூடாது.

பிறகு குற்றால அருவிக் குளியல். பம்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். நீர் புகாத வகையாக இருந்தாலும் பேரருவியின் அடியைத் தாங்குவதற்காக அதைச் செய்யவில்லை. கழற்றியதைக் கரையில் பையோடு வைத்தால் குற்றாலக் குரங்குகள் கணக்குப் பார்ப்பதில்லை. கூட வந்தவர் ஒருவர் கையிலேயே வைத்திருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் கேனுலாவும் சென்சாரும் ஒட்டிய இடத்தைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் பட்ட ஒட்டு அருவிக்கு நிற்காது. பேனாக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் தொடையில் ஊசி போட்டுவிட்டு அதே இடத்தை மசாஜ்காரரிடம் கொடுத்தால் இன்சுலின் எதிர்பார்த்ததைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கும். குளிக்கப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை சுகர் பார்ப்பது நல்லது. 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ உடனே வாயில் போட வேண்டும். திருநெல்வேலி அல்வா கையில் இருந்தாலும் அதை நம்பக் கூடாது. நெய் அதன் சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும்.

தூரமும் கணக்கில் சேரும். பம்ப் கோளாறு இரவில் வந்தால் தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இன்சுலினும் சலைனும் கிடைக்கும், உயிர் காப்பாற்றப்படும். ஆனால் பம்பின் அளவுகளைத் திருத்தியமைக்கத் தெரிந்த நிபுணரைத் தேடி திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டிவரலாம். வாங்குமுன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது விலை அல்ல. பழுதானால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் தென்காசிக்கு வரும் என்பது.

அப்படியானால் பம்ப் யாருக்கு? கைக்குழந்தைக்கு, நான்கு வேளை ஊசியை ஒழுங்காகப் போட்டும், மாவுச்சத்தை எண்ணத் தெரிந்தும், அடிக்கடி கடுமையான லோ சுகர் வருகிறவருக்கு, விடியற்காலை ஏற்றம் அடங்காதவருக்கு, கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கு மருத்துவர் சொன்னால். மற்றவர்கள் முதலில் நல்ல பேனாவுக்கும், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும், முடிந்தால் சென்சாருக்கும் பணத்தைச் செலவிடலாம். இட்லியையும் புரோட்டாவையும் சீசன் ரம்புட்டானையும் கிராமில் எண்ணக் கற்றுக்கொள்ளாதவருக்குப் பம்ப் விலை உயர்ந்த ஊசி மட்டுமே. பதின்வயதுப் பிள்ளைக்கு வாங்குவதானால் இடுப்பில் அதைச் சுமக்க அந்தப் பிள்ளைக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். பெற்றோரின் ஆசைக்காக மாட்டியது சட்டைக்குள்ளேயே அணைக்கப்பட்டுக் கிடக்கும்.

பம்ப் வாங்கிய வீட்டிலும் நீண்ட நேர இன்சுலின் பேனா ஒன்றும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும், காலாவதித் தேதி தாண்டாமல், எப்போதும் இருக்க வேண்டும்.