ஒன்றும் ஆகவில்லையே, பிறகென்ன?

அரக்கோணம் மாதிரி எந்நேரமும் ஆள் நடமாட்டமுள்ள ஜங்ஷனில், நடைமேடை நாய்க்கு யாராவது பாதி தின்ற சாக்லெட்டைப் போடுவது சாதாரணம். மறுநாளும் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நாய்க்கு சாக்லெட் விஷம் என்பதெல்லாம் சும்மா என்று முடிவுகட்டப் பலருக்கு அதுவே போதும். கண்ணால் கண்டதை மறுக்க வேண்டியதில்லை. ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், வீட்டுக்குள் வளரும் குட்டி நாய்க்கு ஏன் ஆபத்து என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கோகோ விதையில் உள்ள தியோப்ரோமின், காபியின் கஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். நரம்புகளை அடக்கி வைக்கும் அடினோசினை அது வேலை செய்ய விடாது. இதயம் படபடக்கும், நரம்புகள் முறுக்கேறும். நம் உடம்பு அதில் பாதியை ஏழு முதல் பத்து மணி நேரத்தில் கழித்துவிடுகிறது. நாயின் உடம்புக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் பிடிக்கிறது. சிறுநீர்ப்பைக்குப் போனதில் ஒரு பங்கு மறுபடி ரத்தத்தில் கலப்பதும் உண்டு. காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு என்று கொடுத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

இனி கணக்கு. ஒரு கிலோ எடைக்கு 20 மி.கி. தியோப்ரோமின் சேர்ந்தால் வாந்தி, பேதி, பரபரப்பு தொடங்கும், 40-50 மி.கி.யில் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60 மி.கி.யைத் தொட்டால் வலிப்பு வரலாம். பால் சாக்லெட்டில் கிராமுக்குச் சுமார் 2 மி.கி. இருக்கும். 15 கிலோ தெருநாய் 50 கிராம் பாரை முழுதாகத் தின்றாலும் கிலோவுக்கு 7 மி.கி.தான். அதே பாரை 3 கிலோ பொமரேனியன் தின்றால் 33. அதுவே டார்க் சாக்லெட் என்றால் 80-ஐத் தாண்டும். கேக் செய்ய வாங்கி வைத்த கோகோ பவுடர் இன்னும் மோசம்: கிராமுக்கு 20 மி.கி. அளவில் இருப்பதால் பத்து கிராம் நக்கினாலே அந்தக் குட்டி நாய் வலிப்பின் எல்லைக்குப் போய்விடும். நடைமேடை நாய் பிழைத்தது எடையாலும் பால் சாக்லெட்டாலும்தான்.

மலிவான பார்களில் கோகோ குறைவு, தாவரக் கொழுப்புதானே அதிகம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறிய கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கக்கூடும். உலர்திராட்சை சேர்த்த பார் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை இல்லாதது என்று விற்பதில் சைலிட்டால் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்துக்குள் சரியலாம். தின்று இரண்டு மணி நேரமாகியும் நன்றாகத்தானே ஓடுகிறது என்பதும் சமாதானமாகாது. அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தெரியும்.

தியோப்ரோமின் விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைப்பது, கரித்தூள் மருந்து, வலிப்பையும் துடிப்பையும் அடக்கும் மருந்துகள், இவ்வளவுதான். வாந்தி எடுக்க வைத்துப் பயன் கிடைப்பது முதல் இரண்டு மணி நேரத்தில். அரக்கோணத்திலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 70 கி.மீ.; அறிகுறி தெரியட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் வழியிலேயே போய்விடும். ஆகவே உடனே உள்ளூர் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாயின் எடை, சாக்லெட்டின் வகை, தின்ற அளவு, தின்ற நேரம் நான்கையும் சொல்லுங்கள். உறையை எறியாமல் கையோடு கொண்டு போங்கள். வாந்தி வரட்டும் என்று உப்புக் கரைசலை மட்டும் புகட்டிவிடாதீர்கள், அதுவே தனி விஷமாகும்.